படியேறாத பாத்திரம்

வீட்டில் பியர் காய்ச்சப் பெரிய பாத்திரம் நல்லதா, சின்னப் பாத்திரம் நல்லதா என்று என்னிடம் கேட்பவர்கள் பதிலுக்காகக் கேட்பதில்லை. பெரியதை வாங்கி, பெட்டியைப் பிரித்து, அதன் முன்னால் நின்று படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டுத்தான் கேட்பார்கள். நான் சின்னது என்பேன். தலையை ஆட்டிவிட்டு, "அது சரி, எண்டாலும்" என்று தொடங்குவார்கள். அந்த எண்டாலுமுக்குப் பிறகு வருவது எதையும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

முப்பது வருடம் ஓர் உணவுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை செய்தவன் நான். கை கழுவுவதற்குக்கூட எழுத்தில் நடைமுறை இருந்த இடம் அது. அந்த நடைமுறைகளில் பாதியை எழுதியவனும் நானே. ஓய்வு பெற்ற பிறகு, என் வயது ஆண்கள் செய்வதைப்போல நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவின் பிளாசாக்களில் கோப்பிக் கடை மேசையைப் பிடித்துக்கொண்டு, காலையில் இலங்கைப் பிரச்சினைக்குத் தீர்வு கண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அதைக் கைவிட்டு வீட்டுக்குப் போக எனக்கு முடியவில்லை. மூன்று நாள் போய்ப் பார்த்தேன். நாலாம் நாள் வீட்டுக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்றுக்கு இறங்கிப் பியர் காய்ச்சத் தொடங்கினேன்.

அது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்துச் சாறெடுக்க வேண்டும். கசப்புக்கு ஹொப்ஸ் பூப் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். ஆறியதும் ஈஸ்ட்டைச் சேர்த்து மூடி வைக்க வேண்டும். மிச்சமெல்லாம் கழுவுவது. ஈஸ்ட் தன் வேலையைத் தானே செய்யும். மனிதன் செய்யக்கூடியது அதைக் கெடுக்காமல் இருப்பது மட்டும். கெடுக்காமல் இருப்பதற்குத்தான் இந்த ஊரில் ஆள் கிடைப்பதில்லை.

நான் வைத்திருந்தவை ஐந்து லீற்றர்க் கண்ணாடிச் சாடிகள் நான்கு. ஒவ்வொன்றின் வாயிலும் இறப்பர்த் தக்கை. தக்கையில் வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத சிறிய நீர்க்குழாய். ஏன் சின்னது என்று கேட்டவர்களுக்கு என்னிடம் முறையான பதில்கள் இருந்தன. நாலு சாடியில் நாலு விதமான ஈஸ்ட்டை ஒரே சமயத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஒன்று புளித்துப்போனால் ஐந்து லீற்றர்தான் நட்டம். பெரிய பாத்திரத்தில் பாதி நிரப்பிப் பல நாள் வைத்தால் மேலே நிற்கும் காற்றுப் பியரை ஊறிய அட்டைப் பெட்டிபோல மணக்க வைக்கும். கடைசியாக, நொதிக்கும்போது சூடு பிறக்கும். ஐந்து லீற்றரில் பிறக்கும் சூடு கண்ணாடியால் வெளியேறிவிடும். ஐம்பது லீற்றரில் நடுவில் தங்கி நிற்கும். அறையில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்துத் திருப்திப்படுகிறவன், பாத்திரத்தின் வயிற்றுக்குள் அதைவிட எத்தனையோ பாகை கூட ஓடுவதை அறியமாட்டான்.

இவை எல்லாம் உண்மை. ஆனால் இவற்றுக்காக நான் சின்னச் சாடி வைத்திருக்கவில்லை.

முதல் சாடி வீட்டுக்குள் வந்த நாளில் என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். அவள் ஒவ்வொரு வருடமும் கந்தசட்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிறவள். பகலில் வெறும் தண்ணீர், பொழுதுபட்டால் பாலும் பழமும். "விரதத்துக்கு முதல் நாள் உது வீட்டை விட்டு வெளிய போக வேணும். ஒரு வருசம் தவறினாலும், பிறகு உந்த வேலை இந்த வீட்டில இல்லை" என்றாள்.

எனக்குச் சூரனிலும் நம்பிக்கை இல்லை, வேலிலும் இல்லை. நவம்பர்க் குளிரில் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் கால் விறைக்க நின்று அட்டைத் தலை விழுவதைக் கைபேசியில் படம்பிடிக்கும் கூட்டத்தைப் பற்றி என்னிடம் நல்ல அபிப்பிராயமும் இல்லை. ஆனால் தெளிவாகச் சொல்லப்பட்ட ஒரு நிபந்தனையை நான் மதிப்பேன். என் தொழிலில் அப்படி ஒன்று கிடைப்பதே அரிது. எட்டு வருடமாக விரதத்துக்கு முதல் நாள், நடைக்கு ஒன்றாக நாலு சாடியையும் படியேற்றி, பக்கக் கதவால் வெளியே கொண்டுபோய், பின்வளவில் இருக்கும் கொட்டிலில் வைத்து, பழைய குளிர் அங்கிகளால் போர்த்திவிடுவேன். ஆறு நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவருவேன். என் சாடிகளின் அளவைத் தீர்மானித்தது அறிவியல் அல்ல, அந்தப் படிகள்தான்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. மனைவியின் விரதத்துக்குப் பயந்து பியரைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் ஓடுகிறான் என்று சிரிப்பார்கள். பிராணவாயுவைப் பற்றிப் பேசினால் யாரும் சிரிப்பதில்லை.

மனைவியின் தம்பிதான் இதைக் குழப்பினான். பக்கத்து நகரமான அஜக்ஸில் அவனுக்கு ஒரு பெரிய வீடு இருக்கிறது. வீட்டைவிடப் பெரிதாக அவன் பெருமைப்படுவது அதன் கராஜை. அங்கே கார் நின்றதை நான் கண்டதில்லை. சோபா, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, இறைச்சி வாட்டும் அடுப்பு, இவற்றுக்கு நடுவே எந்தக் கொண்டாட்டத்திலும் ஆண்கள் எல்லாரும் வந்து குவிவார்கள். உள்ளே சடங்கு நடக்கும். கராஜில் உண்மையான விழா நடக்கும். அவனுடைய மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கு மாப்பிள்ளை வீட்டில், அதாவது அவன் வீட்டில். அன்றைக்குக் கராஜில் கடைப் பியர் ஒன்றுகூட இருக்கக் கூடாது, முழுக்க அத்தானுடைய பியர்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்தான்.

என் சாடிகளைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், இருமல் மருந்தே காய்ச்சிறியள்?" என்றான்.

இருபது லீற்றர் வரும் என்றேன். அவன் என் பேஸ்மென்றில் கிடந்த பழைய சோபாவில் சாய்ந்து, தன் விருந்தாளிகளில் இன்னார் இன்னார் தனியாகவே இருபது லீற்றர் குடிப்பார்கள் என்று எண்ணிக் காட்டினான். பிறகு கைபேசியைத் திறந்தான். ஐம்பத்தைந்து லீற்றர், துருப்பிடிக்காத உருக்கு, அடியில் கூம்பு, கூம்பில் குழாய், மூன்று கால். விண்வெளிக்கு அனுப்புகிற சாமான்போல இருந்தது. அதை அவன் வீட்டில் வைக்க வழியில்லை. அவனுடைய பேஸ்மென்ற் வாடகைக்குப் போயிருந்தது. ஆகவே என்னுடையதில் வைப்பது என்று முடிவெடுத்திருந்தான்.

என் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவன் காணொளிகளைப் பார்த்துப் படித்திருந்தான். காணொளியில் படித்தவர்களை எனக்குப் பிடிக்காது. சரியாகப் படித்தவர்களை இன்னும் பிடிக்காது. நிரப்பி வைத்தால் பெரிய பாத்திரத்தில்தான் ஒரு லீற்றருக்குப் படுகிற காற்றுக் குறைவு என்றான். அது சரி. நாலு சாடியைக் கழுவுவதைவிட ஒரு பாத்திரத்தைக் கழுவுவது சுலபம் என்றான். அதுவும் சரி. சூடு பற்றிச் சொன்னேன். என் பேஸ்மென்ற் வருடம் முழுவதும் குளிர்ந்துதான் கிடக்கிறது, கூடுகிற சூடு அதற்கே சரியாகப் போகும் என்றான். அந்தக் கணக்கும் பிழையில்லை. என்னிடம் ஒரே ஒரு காரணம் மிச்சமிருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. விரதம் இருக்கிறவளின் சொந்தத் தம்பியிடம்கூட வரவில்லை.

பாத்திரம் பெட்டிகளில் துண்டு துண்டாக வந்தது. நானே பொருத்திப் பூட்டினேன். பூட்டி முடித்தபோது அதில் எனக்கு மரியாதை வந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். வெல்டிங் நேர்த்தியாக இருந்தது. சாடிகள் நான்கையும் விட்பியில் இருக்கும் என் பழைய சக ஊழியருக்குக் கொடுத்துவிட்டேன். கோயம்புத்தூர்க்காரர், ஆய்வகத்தில் என்னோடு பதினைந்து வருடம் வேலை செய்த பெண்மணி. நடைமுறையை ஒரு தரம் வாசித்தால் இரண்டாம் தரம் கேட்காத ஒரே ஆள். கண்ணாடிச் சாடியைக் கழுத்தில் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் கை கொடுக்க வேண்டும் என்று மற்ற எல்லாருக்கும் சொல்லி வாய் வலித்திருக்கிறேன். அவருக்குச் சொல்ல வேண்டி வந்ததில்லை.

பிறகு பொன்னுருக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி ஓர் அட்டவணை போட்டேன். போத்தலில் இரண்டு வாரம், பாத்திரத்தில் இரண்டு வாரம், மூன்று நாள் கையிருப்பு. கட்டம் கட்டமாக, நிறம் தீட்டி, ஆய்வகத்தில் போடுவதுபோலவே. காய்ச்சும் நாள் ஒரு வியாழக்கிழமையில் வந்து விழுந்தது. குறித்த நாளில் ஐம்பது லீற்றர் காய்ச்சி, ஆறவிட்டு, ஈஸ்ட்டைச் சேர்த்து மூடினேன். மறுநாள் காலை நீர்க்குழாய் குபுகுபுவென்று மூச்சுவிடத் தொடங்கியது. அட்டவணையில் பச்சைப் பேனையால் ஒரு சரி போட்டேன்.

திங்கட்கிழமை காலை பால் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கப்போனபோது, கதவில் தொங்கும் பலசரக்குக் கடை நாட்காட்டி கண்ணில் பட்டது. மறுநாளிலிருந்து ஆறு கட்டங்களைச் சுற்றி மனைவி சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தாள். அந்த வட்டங்கள் தை மாதமே போடப்பட்டவை. நான் ஒவ்வொரு நாளும் பால் எடுக்கும் இடம் அது. முப்பது வருடம் எல்லா நாட்காட்டிகளையும் ஒத்துப் பார்க்காமல் உற்பத்தித் திட்டம் போடுகிறவர்களை முட்டாள்கள் என்று எழுதி அனுப்பியவன் நான்.

மனைவி குசினி அலுமாரிகளை மஞ்சள் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே, "இண்டைக்குத் தூக்குவியள் தானே?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

மச்சானுக்குத் தொலைபேசி அடித்தேன். கராஜ் நண்பர்கள் இருவரோடு பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தான். ஒருவர் இடுப்புக்குப் பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். பாரம் தூக்குவதில் அனுபவம் உள்ளவராம். பாத்திரமும் பியருமாக அறுபத்தைந்து கிலோ இருக்கும் என்றேன். அனுபவசாலி சிரித்தார்.

பேஸ்மென்றிலிருந்து பக்கக் கதவுக்கு ஒன்பது படி, ஐந்தாவதில் ஒரு திருப்பம். பாத்திரம் வந்தபோது காலும் கூம்பும் வேறு வேறு பெட்டியில் வந்தன. இப்போது அவை ஒன்றாகத் திருப்பத்துக்கு வந்தன. ஒரு கால் சுவரில் குத்தியது. அதை விலக்கப் பாத்திரத்தைச் சரித்தார்கள். சரிக்க வேண்டாம் என்று நான் கீழிருந்து சொல்லி முடிப்பதற்குள் நீர்க்குழாய் பிடுங்கிக்கொண்டு பறக்க, நுரை மேலே நின்ற அனுபவசாலியின் சட்டைக்குள் இறங்கியது. அவர் கையை விட்டார். மற்ற இருவரும் முழங்காலால் தாங்கி, ஒவ்வொரு படியாக அதைத் திரும்ப இறக்கினார்கள். மூவரும் சுவரில் சாய்ந்து இருந்து இளைத்தார்கள். அனுபவசாலி பட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அது இந்த மாதிரி வேலைக்கு உரியதல்ல என்றார்.

பியரைச் சின்னப் பாத்திரங்களுக்கு மாற்றுவதே வழி. அக்காவின் பெரிய சமையல் கிடாரத்தைக் கேட்போம் என்றான் மச்சான். அந்தக் கிடாரத்தில் அவள் விரதம் முடியும் நாளில் பொங்குகிறவள். அவன் அவளோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன் என்பதை நம்ப முடியவில்லை. சாமான்கடை வாளி வாங்கலாம் என்றான். சுவருக்கு நிறம் கலக்கிற வாளியில் பியரை ஊற்றுகிறவன் நான் இல்லை என்றேன். உணவுக்குரிய வாளி விற்கும் கடை ஒன்றுதான் எனக்குத் தெரியும். அது திங்கட்கிழமை திறப்பதில்லை.

விட்பிக்கு அடித்துச் சாடிகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். "நாலுலயும் வினிகர் போட்டாச்சுங்க சார். நல்லா ஏடு கட்டி வருது. ஏன் சார், அம்பது லிட்டர் எடுத்துட்டு எதுக்கு இருபது லிட்டர் ஜாடி கேக்கறீங்க?" என்றார். கூட்டல் கழித்தல் தெரிந்தவர்களிடம் பேசுவதில் உள்ள தொல்லை இது. ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

நிலத்தில் இருந்த வடிகாலைப் பார்த்தேன். கூம்பின் குழாயைத் திறந்தால் பத்து நிமிட வேலை. நிபந்தனை காப்பாற்றப்படும், அடுத்த வருடமும் காய்ச்சலாம். மச்சான் நான் பார்க்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, பாத்திரத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். அப்போதுதான் அவன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சிந்தித்தான்.

"அத்தான், இதுக்குத் தனி வாசல் இருக்கு. குசினிக்குப் போற கதவைப் பூட்டினா இது வேற வீடு. எங்கட பேஸ்மென்றில இருக்கிறவன் ஞாயிற்றுக்கிழமையில மாட்டிறைச்சி சமைக்கிறான். அதுக்காக மேல நாங்கள் விரதம் பிடிக்காமலே இருக்கிறம்?"

நண்பர்கள் இருவரும் அது நியாயம் என்றார்கள். வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. எங்களுக்கு முன் இருந்தவர்கள் எங்கள் பேஸ்மென்றையும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். சிறிய அடுப்பு, கை கழுவும் தொட்டி, குளியலறை எல்லாம் அங்கே இருந்தன. ஸ்காபரோவில் பாதிப் பேர் மற்றப் பாதிப் பேரின் காலடியில்தான் குடியிருக்கிறார்கள். மேலே சாம்பிராணி, கீழே மாடு. இரண்டு வீடு என்று எல்லாருமே ஏற்றுக்கொண்ட வழக்கம் அது. படியேறிப் போய், என் வாதத்தை வரிசைப்படுத்தி மனைவியிடம் வைத்தேன். மச்சானை முன்னால் அனுப்பியிருக்கலாம். அவன் தனக்கு அஜக்ஸில் வேலை இருப்பதாக நினைவு வந்து போய்விட்டான்.

அவள் துடைப்பதை நிறுத்தி முழுவதையும் கேட்டாள்.

"அப்ப கீழ இருக்கிறது வேற வீடு."

"ஓம்."

"ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"ஆளில்லாட்டி அது எங்கட வீட்டு அறைதான். ஆள் இருந்தாத்தான் அது வேற வீடு. தம்பியின்ர பேஸ்மென்றில ஆள் இருக்கு." துணியைப் பிழிந்து காயப் போட்டாள். "நீங்கள் போய் இருங்கோ. ஆறு நாளைக்கும் இந்தக் கதவால வரப்படாது. குடியிருக்கிற ஆக்கள் மேல வாறேல்லை."

தலையணை, போர்வை, மாத்திரைகள், இரண்டு புத்தகம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பின்னால் கதவு பூட்டப்படும் சத்தம் கேட்டது.

ஆறு நாள் நான் என் சொந்த வீட்டில் குடியிருந்தேன். பக்கக் கதவால் போய் வந்தேன். கையளவு அடுப்பில் பருப்பும் சோறும் ஆக்கினேன், இரண்டும் அடிப்பிடித்தன. மேலே அவள் நடப்பது தெரியும். மணி அடிப்பது கேட்கும். நாலு மணிக்குக் கார் கிளம்பும், கோயில் முடிந்து திரும்பி வரும். என் பக்கத்தில் பாத்திரம் குபுகுபுவென்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு என்னைவிட அந்த அறை பிடித்திருந்தது.

முதல் நாள் குளிர் தாங்கினேன். ஈஸ்ட்டுக்கு ஏற்ற குளிர் அது. இரண்டாம் நாள் மாலை இருமல் தொடங்கியது. சுவரில் செருகும் ஹீற்றர் ஒன்று மூலையில் கிடந்தது. போட்டால் அறை சூடாகும். அறை சூடானால் பாத்திரத்தின் நடு அதைவிடச் சூடாகும். ஈஸ்ட் தறிகெட்டு ஓடி, நகப்பூச்சு மணமும் வாழைப்பழ மணமும் பியரில் ஏறும். எட்டு வருடமாக மற்றவர்களுக்கு நான் பாடம் எடுத்த விஷயம். குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு இருமினேன்.

மூன்றாம் நாள் காலை தொலைபேசி அடித்தது. மேலேயிருந்துதான்.

"இருமிறது இஞ்ச கேக்குது. ஹீற்றரைப் போடுங்கோ."

"போட்டா பியர் பழுதாப் போகும்."

"சரி, அப்ப இருமுங்கோ," என்றாள்.

வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் இருமினேன். பிறகு ஹீற்றரைப் போட்டேன். பாத்திரத்தில் ஒட்டியிருந்த வெப்பப் பட்டி மத்தியானம் இருபத்திரண்டு காட்டியது, பொழுதுபட இருபத்தேழு. நீர்க்குழாயின் மூச்சு ஓட்டக்காரனுடையதுபோல ஆகியது. ஈரத்துணி சுற்றினேன். சின்னச் சாடியாக இருந்தால் குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய வாளியில் இறக்கி வைத்திருப்பேன். இதை எதில் இறக்குவது? பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

சூரன்போர் முடிந்த மறுநாள் காலை பக்கக் கதவில் யாரோ தட்டினார்கள். மனைவி நின்றாள். உள்ளே குசினிக் கதவைத் திறந்து வந்திருக்கலாம். வீட்டைச் சுற்றி, பனி பூத்த நடைபாதையால், தட்டில் விரதம் முடிக்கும் பாறணைச் சாப்பாட்டோடு வந்திருந்தாள். குடியிருப்பவர்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பதுபோல. ஆறு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. சாம்பார் ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

தட்டை வைத்துவிட்டுப் பாத்திரத்தை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள். கைபிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

ஆறு நாளாக நினைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். நான் இனிக் காய்ச்சலாமா, இல்லையா?

"காய்ச்சுங்கோ. ஆனா நான் தனியாத் தூக்கக் கூடியதில காய்ச்சுங்கோ."

"ஏன் நீர் தூக்க வேணும்? நான்தானே தூக்கிறனான்."

"இப்ப தூக்கிறியள். உங்கட நெஞ்சிருமலைக் கேட்டுக்கொண்டுதானே ஆறு நாளா இருந்தனான். ஒரு வருசம் உங்களுக்கு ஏலாமல் வரும். அண்டைக்கும் விரதம் வரும்."

சாம்பாரைச் சூடாகச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள். இந்தத் தடவை குசினிக் கதவால்.

பொன்னுருக்கும் நாளில் அஜக்ஸ் கராஜில் அந்தப் பியரை ஊற்றினார்கள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதும் வாழைக்குலை ஒன்றுக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. விழுங்கிய பிறகு நகப்பூச்சுக் கடை. ஆய்வகத்தில் நான் அதற்குச் சிவப்புச் சீட்டு ஒட்டிப் புதைக்க அனுப்பியிருப்பேன். கராஜில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். இப்படி ஒரு வாசம் கடைப் பியரில் வராது என்றார்கள். இடுப்புப் பட்டிக்காரர், இதில் பழம் ஏதோ போட்டிருப்பதாகவும் அத்தான் அந்த இரகசியத்தை விடமாட்டார் என்றும் எல்லாருக்கும் விளக்கினார். மச்சான் என் தோளில் கை போட்டு, "சொன்னனே, பெரிசில காய்ச்சினாத்தான் ருசி" என்றான். ஐம்பது லீற்றரும் பொழுதுபடுவதற்கு முன் முடிந்துவிட்டது. நல்ல பியரை இவர்களுக்கு ஊற்றாததில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

பாத்திரத்தைக் கழற்றிப் பெட்டிகளில் போட்டு அவனுக்கே அனுப்பினேன். அது இப்போது கராஜில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதற்குள் ஐஸ் போட்டு வைக்கிறார்கள் என்று கேள்வி.

வினிகர் முடிந்ததும் விட்பிக்குப் போய்ச் சாடிகளை வாங்கி வந்தேன். கோயம்புத்தூர்க்காரர் மூன்று தடவை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். வீட்டில் ஒன்றில் தண்ணீரை நிரப்பிப் படிக்கு அடியில் வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். தூக்கிப் பாரும் என்றேன். சோதிக்காத நிபந்தனையை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

அவள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குனிந்தாள். சாடியின் கழுத்தை ஒரு கையால் பிடித்தாள். அடியில் கை கொடுக்கவில்லை. ஒன்பது படியையும், திருப்பத்தில் நிற்காமல், ஏறினாள். பக்கக் கதவைத் திறந்து, பனிக்குள்ளால் கொட்டில் வரைக்கும் போய் வைத்துவிட்டு, திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் கழுத்தில் பிடித்தபடியே. நான் பின்னாலேயே போய்ப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

"இது சரி," என்று வைத்தாள். "இதைவிடப் பெரிசு வேண்டாம்."